நைனாவுக்குக் காது மந்தம்: மெஷின் வாங்கிக் கொடுத்தால் போதுமா?

தறிக்காரர் மகன், குடியாத்தம் | ஜூன் 8, இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். என் நைனாவுக்கு 63 வயது. 38 ஆண்டுகள் விசைத்தறி ஓட்டியவர். இப்போது தறியை அண்ணன் பார்த்துக்கொள்கிறார். நைனா அதே கொட்டகையில் உட்கார்ந்து, தறிக்கான ஊடை நூலைத் தாரில் சுற்றிக் கொடுக்கிறார். மூன்று நான்கு ஆண்டுகளாகக் காது மந்தம். டிவி சத்தம் தெருமுனை வரை கேட்கிறது. பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை. அம்மா இதை வீம்பு என்றே நினைத்திருந்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன், மறைக்கவில்லை.

போன மாதம் நைனாவைப் பெற்ற ஆயா காலமானார். அதற்கு முந்தின நாள் நைனாவைப் பக்கத்தில் அழைத்து மெல்லிய குரலில் ஏதோ சொன்னார். நைனா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். இரவில் என்னிடம் தனியாக வந்து, "ஆயா என்ன சொன்னாள்?" என்று கேட்டார். நான் வாசலில் இருந்தேன், எனக்கும் தெரியாது. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை.

இணையத்தில் 2,500 ரூபாய்க்குக் காது மெஷின் கிடைக்கிறது. அம்மாவோ பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை ஊற்றினால் சரியாகும் என்கிறார். எதை முதலில் செய்வது?

பேரணாம்பட்டு வாசகர் | ஜூன் 8, இரவு 10.15

தம்பி, நல்லெண்ணெயில் இரண்டு பல் பூண்டைத் தட்டிப் போட்டுக் காய்ச்சி, வெதுவெதுப்பாக இரண்டு சொட்டு விடுங்கள். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகச் செய்கிறோம். வயதானால் காது மந்தமாவது இயல்பு. இதற்குப் போய் ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க உட்கார வேண்டுமா?

செவியியலர், காட்பாடி | ஜூன் 9, காலை 6.20

தம்பி, எண்ணெயும் வேண்டாம், அந்த மெஷினும் வேண்டாம். இரண்டையும் ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள். நான் 14 ஆண்டுகளாகக் காது கேட்கும் திறனைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். காதுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்பே எதையாவது ஊற்றிவிட்டு, அல்லது எதையாவது வாங்கி மாட்டிவிட்டு, அதன் பிறகு வருபவர்களே அதிகம்.

காது கேட்கவில்லை என்பது நோயின் பெயர் அல்ல. "தறி நின்றுவிட்டது" என்று ஒருவர் சொன்னால் நீங்கள் என்ன கேட்பீர்கள்? பாவு அறுந்ததா, நாடா சிக்கியதா, மோட்டார் எரிந்ததா, மின்சாரமே இல்லையா என்று கேட்பீர்கள் அல்லவா? காதும் அப்படித்தான். துளையில் குறும்பி அடைத்திருக்கலாம். செவிப்பறையில் ஓட்டை விழுந்திருக்கலாம். அதற்குப் பின்னால் சங்கிலிபோல் கோத்திருக்கும் மூன்று சிற்றெலும்புகளில் ஒன்று அசையாமல் இறுகியிருக்கலாம். இவை எல்லாம் ஒலி உள்ளே போகும் வழியில் ஏற்படும் தடைகள். பெரும்பாலும் மருந்தாலோ அறுவை சிகிச்சையாலோ சரிசெய்ய முடியும். அதைத் தாண்டி உட்செவியில் நத்தை ஓடு போல ஒன்று உண்டு. அதற்குள் ஏறத்தாழ 15,000 மயிரணுக்கள் ஒலியை நரம்புக்குரிய சமிக்ஞையாக மாற்றுகின்றன. அவை அழிந்தால் மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை. அங்குதான் மெஷினுக்கு வேலை.

செவிப்பறையில் ஓட்டை இருப்பவருக்கு எண்ணெய் விட்டால் அது நேரே நடுச்செவிக்குப் போகும். ஓட்டையே இல்லாவிட்டாலும், எண்ணெய்ப் பிசுக்கும் ஈரமும் சேர்ந்தால் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடித்த காதுகளை வாரம் தவறாமல் பார்க்கிறேன்.

சில கேள்விகள். எந்தக் காது அதிக மந்தம்? எப்போதாவது சீழ் வடிந்ததா? தலைசுற்றல் உண்டா? காதுக்குள் இரைச்சல்? மெல்ல மெல்லக் குறைந்ததா, ஒரே நாளிலா? காதை எதைக் கொண்டு சுத்தம் செய்கிறார்?

தறிக்காரர் மகன், குடியாத்தம் | ஜூன் 9, காலை 8.05

அக்கா, இரண்டு காதும் மந்தம்தான். வலது சற்று அதிகம். சீழ் வந்ததில்லை. தலைசுற்றல் இல்லை. இரவில் காதுக்குள் சில்வண்டு கத்துவது போல் இருக்கிறது என்கிறார். மெல்ல மெல்லக் குறைந்ததுதான். கடைசிக் கேள்விக்கு அம்மா சொன்ன பதில்: தீக்குச்சி. எங்கள் ஊரில் அதற்குக் குறைவில்லை. சாப்பிட்டு முடித்ததும் மருந்தில்லாத முனையால் காதைக் குடைவார். எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் பார்க்கிறேன். குரல் கேட்கிறது, சொல் புரியவில்லை என்று அடிக்கடி சொல்கிறார். அது எப்படி?

செவியியலர், காட்பாடி | ஜூன் 9, காலை 8.50

அவர் சொல்வது உண்மை. வீம்பு இல்லை என்று அம்மாவிடம் முதலில் சொல்லுங்கள். ஆ, ஓ, ம போன்ற ஒலிகள் கனத்தவை. அவற்றால்தான் பேச்சு "கேட்கிறது". ச, ஸ, த, க, ப போன்றவை மெல்லியவை, ஸ கீச்சானதும்கூட. சொல்லைச் சொல்லாக்குவது இவைதான். தறிச் சத்தமும் வயதும் முதலில் தின்பது கீச்சொலியைக் கேட்கும் திறனைத்தான். "பத்து", "பட்டு", "பக்கு" மூன்றும் அவருக்கு ஒன்றாக விழும். பெண்கள், குழந்தைகள் குரல் இன்னும் கடினம். அதனால் கத்திப் பேசாதீர்கள். முகத்துக்கு எதிரே நின்று நிதானமாகப் பேசுங்கள்.

குறும்பி ஒரு பக்கம் இருக்கட்டும். அது அழுக்கல்ல, காதுக்குக் காவல். தானாகவே வெளியே நகர்ந்து வந்துவிடும். குச்சியும் பஞ்சும் அதை உள்ளே தள்ளிக் கெட்டிப்படுத்துகின்றன. வலது காதில் அதிகம் என்பதால் எனக்கு அந்தச் சந்தேகம் இருக்கிறது. காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்க்கட்டும். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் பார்க்கலாம், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையிலும் பார்க்கலாம். எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடமான ஆடியோகிராம் எடுக்காமல் திரும்பாதீர்கள்.

பாய்லர் தொழிலாளி (ஓய்வு), ராணிப்பேட்டை | ஜூன் 9, இரவு 8.30

குடியாத்தம் தம்பிக்கு. உங்கள் நைனாவைப் பற்றிப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் 31 ஆண்டுகள் இரும்புத் தகட்டுக்கு நடுவில் வேலை செய்தவன். எந்த ஆலை என்பது இங்கே முக்கியமில்லை. கிரைண்டர் ஒரு பக்கம், சுத்தியல் ஒரு பக்கம். காது மூடி கொடுத்தார்கள். பொய் சொல்லக் கூடாது. ஆய்வாளர் வரும் நாளில் அணிவோம், மற்ற நாளில் ஆணியில் தொங்கும். வியர்வை, அரிப்பு, போர்மேன் கூப்பிட்டால் கேட்காது என்ற பயம். அணியச் சொல்லி வற்புறுத்தவும் ஆளில்லை.

சத்தத்தின் கணக்கை ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்துகொண்டேன். 85 டெசிபல் என்றால் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம்தான் பாதுகாப்பு. அதற்கு மேல் மூன்று டெசிபல் ஏறும் ஒவ்வொரு முறையும் நேரம் பாதியாகும். 88க்கு நான்கு மணி, 91க்கு இரண்டு மணி, 94க்கு ஒரு மணி, 100க்குக் கால் மணி. விசைத்தறிக் கொட்டகையில் சத்தம் 90ஐத் தாண்டுவது சாதாரணம். உங்கள் நைனா 38 ஆண்டுகள் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் நின்றிருப்பார்? நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

இதில் கொடுமை என்னவென்றால் வலிக்காது. கையில் வெட்டு விழுந்தால் ரத்தம் வரும், கட்டுப் போடுவோம். காது ஆண்டுக்கணக்கில் கரையும், ஒரு சொட்டு ரத்தம் வராது. வேலை விட்டு வந்ததும் சிறிது நேரம் காது அடைத்தது போல் இருக்கும், இரைச்சல் வரும், காலையில் சரியாகிவிடும். அது சரியாவது அல்ல, எச்சரிக்கை. நான் அதைப் பழக்கம் என்று நினைத்தேன். தறிக்காரர்கள் உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள் என்று பெருமையாகச் சொல்வார்களே, அந்தத் திறமை எங்கிருந்து வந்தது என்று யோசியுங்கள்.

சத்தத்தால் வரும் காது கேளாமை, அரசுக்கு அறிவிக்க வேண்டிய தொழில்நோய்களின் பட்டியலில் இருக்கிறது. வீட்டோடு சேர்ந்த கொட்டகையில் நான்கு தறி ஓட்டும் குடும்பத்துக்கு யார் போய் அறிவிப்பது? அதனால் உங்கள் அண்ணனுக்குக் காது மூடியை நீங்களே வாங்கிக் கொடுங்கள். பஞ்சைத் திணிப்பதால் பெரிய பயன் இல்லை. சத்தத்தைத் தடுப்பதற்கென்றே செய்த நுரை அடைப்பானோ காது மூடியோதான் வேண்டும்.

ஆரணி பட்டுத்தறி | ஜூன் 10, மதியம் 1.10

எல்லோரும் மெல்ல மெல்ல வரும் மந்தத்தைப் பற்றியே எழுதுகிறீர்கள். திடீரென்று வருவதையும் யாராவது சொல்ல வேண்டும். என் தங்கைக்கு 41 வயது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு காலையில் எழுந்தபோது இடது காது முழுக்க அடைத்திருந்தது. சளி என்று நினைத்தோம். பக்கத்தில் உள்ள ஒரு மருந்துக்கடையில் சளி மாத்திரையும் காதுச் சொட்டும் கொடுத்தார்கள். ஐந்து வாரம் ஓடிவிட்டது. வேலூர் போய்ச் சோதித்தபோது மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை நாளாயிற்று?" என்பதுதான். சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். காதுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டும் பெரிய முன்னேற்றம் இல்லை. அந்தக் காது இன்று வரை கேட்கவில்லை. யாரும் எங்களுக்கு முன்பே சொல்லவில்லையே என்ற ஆற்றாமை இன்னும் தீரவில்லை.

செவியியலர், காட்பாடி | ஜூன் 10, மாலை 6.45

ஆரணி அண்ணா, இதை இங்கே எழுதியதற்கு நன்றி. படிப்பவர்கள் எல்லோரும் இதை மட்டுமாவது மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நாளுக்குள் ஒரு காது சட்டென்று மந்தமானால் அது அவசரம். சளி அடைப்பா, நரம்புக் கோளாறா என்பதை வீட்டில் முடிவு செய்ய முடியாது. மருத்துவர் இசைக்கவையைத் தட்டி நெற்றியில் வைத்தாலே பாதி தெரிந்துவிடும்: அடைப்பு என்றால் ஓசை மந்தமான காதில் பலமாகக் கேட்கும், நரம்பு என்றால் நல்ல காதில் கேட்கும். நரம்பு என்றால் ஸ்டீராய்டு மாத்திரையைச் சீக்கிரம் தொடங்க வேண்டும். முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால் பலன் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். நாள் போகப் போக அது குறையும். சர்க்கரை நோயாளிகளுக்கு ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும் என்பதால் மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் எடுக்கவே கூடாது. ஒரு காது மட்டும் மந்தமாவோருக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வதும் உண்டு. செவி நரம்பில் கட்டி இருக்கிறதா என்று பார்ப்பதற்காக. அரிதுதான், ஆனால் விட்டுவிடக் கூடாது.

வாணியம்பாடி | ஜூன் 10, இரவு 9.30

மருந்தாலும் வரும். என் மைத்துனருக்கு, பல மருந்துகளுக்கு அடங்காத காசநோய்க்கு 2014இல் மாதக்கணக்கில் கனமைசின் ஊசி போட்டார்கள். நோய் குணமானது, உயிர் பிழைத்தார், காது போய்விட்டது. அந்த மருத்துவத்தைக் குறை சொல்ல மாட்டேன். இப்போது இந்த வகைக் காசநோய்க்கு மாத்திரைகளே முதன்மை என்கிறார்கள். எனினும் அமிகாசின், ஜென்டாமைசின் போன்ற ஊசிகளும், சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தும் போடும்போது "காது சோதனை எடுக்கலாமா?" என்று வாய் திறந்து கேளுங்கள்.

பேரணாம்பட்டு வாசகர் | ஜூன் 11, காலை 7.00

எண்ணெய் பற்றி நான் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். செவியியலர் அம்மா, பிறந்த குழந்தைக்கு எண்ணெய்க் குளியலின்போது காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடுகிறோமே, அதுவும் கூடாதா? என் பேத்திக்கு நாற்பது நாள்தான் ஆகிறது.

செவியியலர், காட்பாடி | ஜூன் 11, காலை 7.35

கூடாது ஐயா. உடம்புக்குத் தடவுங்கள், காது, மூக்குத் துளைகளில் வேண்டாம். பேத்திக்குக் காது சோதனை செய்தார்களா? பிறந்த ஆஸ்பத்திரியின் சீட்டில் ஓ.ஏ.இ. என்று எழுதியிருக்கும். குழந்தை தூங்கும்போது ஐந்து நிமிடத்தில் முடியும் சோதனை. கைதட்டினால் திரும்பிப் பார்க்கிறது என்பது போதாது. அசைவைப் பார்த்தும் காற்றை உணர்ந்தும் திரும்பும்.

ஆற்காடு அம்மா | ஜூன் 11, மதியம் 3.20

மேலே அக்கா சொன்ன கைதட்டலில் ஏமாந்தவள் நான். என் மகனுக்கு ஒன்றரை வயது வரை பேச்சு வரவில்லை. "ஆண் பிள்ளை, மெதுவாகத்தான் பேசும்" என்றார்கள். "அவன் தாத்தாவும் நான்கு வயதில்தான் பேசினார்" என்றார்கள். நான் என் தாய்மாமனைத் திருமணம் செய்துகொண்டவள். நெருங்கிய உறவில் மணந்தால் பிறவிச் செவிட்டுத்தன்மைக்கு வாய்ப்புக் கூடுகிறது என்று திருமணத்துக்கு முன் எனக்கு யாரும் சொன்னதில்லை. அதற்குப் பிறகு குடும்பத்தில் ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லிக்கொண்ட நாட்களை எழுத விருப்பமில்லை.

ஒலிக்குச் செவி நரம்பு எப்படித் தூண்டப்படுகிறது என்று பார்க்கும் பெரா சோதனையில் இரண்டு காதும் மிகக் கடுமையான இழப்பு என்று வந்தது. முதலில் மூன்று மாதம் மெஷின் மாட்டிப் பார்த்தார்கள், பயனில்லை. பிறகு காக்ளியர் இம்பிளான்ட். அது செத்துப்போன மயிரணுக்களைத் தாண்டி நேரடியாகச் செவி நரம்பைத் தூண்டும் கருவி. பல லட்சம் ஆகும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குச் செய்கிறார்கள். எங்களுக்கும் அப்படித்தான் நடந்தது. இரண்டு வயது நான்கு மாதத்தில் அறுவை சிகிச்சை. மூன்று வாரம் கழித்துக் கருவியை இயக்கினார்கள். அன்று அவன் சிரிக்கவில்லை, அலறி அழுதான். முதல் முறையாக உலகத்தில் சத்தம் என்று ஒன்று இருப்பது தெரிந்தால் வேறு என்ன செய்வான்?

அறுவை சிகிச்சையோடு முடிந்துவிடும் என்று நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன், அது தொடக்கம்தான். இரண்டு ஆண்டுகள் வாரம் இருமுறை ஆற்காட்டிலிருந்து வேலூருக்குப் பஸ்ஸில் போய்ப் பேச்சுப் பயிற்சி. வீட்டில் நாள் முழுக்க நான்தான் பயிற்சியாளர். குக்கர் விசில் அடித்தால் காதைத் தொட்டுக் காட்டுவேன். காய் நறுக்கும்போது "கத்தரிக்காய், முள்ளுக் கத்தரிக்காய்" என்று நூறு முறை சொல்வேன். அவன் சொன்ன முதல் சொல் "அம்மா" அல்ல, "காய்". இப்போது இரண்டாம் வகுப்பு. ற, ர வேறுபாடு மட்டும் இன்னும் வரவில்லை.

பேரணாம்பட்டு ஐயா, உங்கள் பேத்திக்கு இந்த வாரமே சோதனை எடுத்துவிடுங்கள். ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி செய்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பது கணக்கு. நான் ஒன்றரை ஆண்டைத் தொலைத்தேன்.

சத்துவாச்சாரி | ஜூன் 12, காலை 10.00

எனக்கு இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு இரண்டு காதும் மந்தமாயின. பயந்து நான்கு ஆண்டுகள் யாரிடமும் சொல்லவில்லை. சோதனையில், மூன்று சிற்றெலும்புகளில் ஒன்றான அங்கவடி எலும்பு இறுகிவிட்டது என்றார்கள். உடம்பிலேயே மிகச் சிறிய எலும்பு, மூன்று மில்லிமீட்டர்தான். அதற்குப் பதில் ஒரு சிறு பிஸ்டன் வைத்தார்கள். வலது காதில் மட்டும் செய்துகொண்டேன்; ஒரு வாரம் தலைசுற்றியது, பிறகு நன்றாகக் கேட்கிறது. சிறிய அளவில் காதே போய்விடும் ஆபத்தும் உண்டு என்பதால் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய மாட்டார்கள். மறு காதுக்கு மெஷின் போதும் என்று முடிவு செய்தேன்.

தறிக்காரர் மகன், குடியாத்தம் | ஜூன் 24, இரவு 9.15

தாமதத்துக்கு மன்னியுங்கள். நைனாவை இரண்டு முறை வேலூருக்கு அழைத்துப் போனேன். முதல் முறை மருத்துவர் விளக்கோடு பார்த்து, வலது காதில் குறும்பி கல்லாகக் கிடக்கிறது என்றார். உள்ளே ஒடிந்த தீக்குச்சித் துணுக்கு ஒன்றும் இருந்தது. ஐந்து நாள் இளக்கும் சொட்டு மருந்து. பிறகு உறிஞ்சி எடுத்தார்கள். எடுத்த உடனே நைனா திரும்பி, "ஏன் கத்துகிறீர்கள்?" என்று செவிலியரைக் கேட்டார். அவர் சாதாரணமாகத்தான் பேசினார்.

அதன் பிறகு ஆடியோகிராம். இரண்டு காதும் ஏறக்குறைய ஒரே மாதிரி: ஒலியின் கீச்சு அளவு 500 ஹெர்ட்ஸில் 25 டெசிபல் இழப்பு, 1000இல் 30, 2000இல் 45, 4000இல் 70, 8000இல் 60. நான்காயிரத்தில் கோடு பள்ளத்தில் விழுந்து மறுபடி ஏறுகிறது. அக்கா, இதற்கு என்ன பொருள்? ஊனச் சான்றிதழ் கிடைக்குமா என்று அண்ணன் கேட்கிறார்.

செவியியலர், காட்பாடி | ஜூன் 24, இரவு 10.05

4000இல் விழும் அந்தப் பள்ளம் சத்தத்தின் கையெழுத்து தம்பி. வயதினால் மட்டும் என்றால் 8000இல் இன்னும் கீழே போயிருக்கும். குறும்பி எடுத்ததால் வலது காதின் கூடுதல் மந்தம் போய்விட்டது. மிச்சம் இருப்பது தறி எடுத்துக்கொண்டது. அது திரும்பாது. மெஷின் பொருந்தும், இரண்டு காதுக்கும்.

சான்றிதழுக்கு 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி இரண்டு காதிலும் 60 டெசிபல் இழப்பு வேண்டும். 500 முதல் 4000 வரையிலான நான்கு எண்களில் நைனாவின் சராசரி 42 அல்லது 43தான் வரும். கிடைக்காது. குடும்பம் வறுமைக்கோட்டுக்குக் கீழ் என்றால், 60 வயது கடந்தவர்களுக்கான வயோஸ்ரீ திட்ட முகாம் எப்போது என்று மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். காது மெஷின் அதில் உண்டு.

சொந்தமாக வாங்கினால் இந்த ஆடியோகிராமை வைத்துப் பொருத்துபவரிடம் வாங்குங்கள். நீங்கள் முதலில் சொன்ன 2,500 ரூபாய்க் கருவி எல்லா ஒலியையும் ஒரேயடியாகப் பெரிதாக்கும். நைனாவுக்குக் கனத்த ஒலிகள் ஏற்கெனவே கேட்கின்றன. அவற்றையும் பெரிதாக்கினால் தலைவலிதான் வரும், அலமாரியில் வைத்துவிடுவார். முதல் வாரம் வீட்டுக்குள் ஒரு மணி, இரண்டு மணி என்று பழகட்டும்.

தறிக்காரர் மகன், குடியாத்தம் | ஜூலை 13, மாலை 7.30

மெஷின் மாட்டிப் பத்து நாளாகிறது. டிவி சத்தத்தை அவரே குறைத்தார். கொட்டகைக்குள் நுழைந்ததும் மெஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, அண்ணனிடம் இருந்த காது மூடியை வாங்கித் தானே அணிந்துகொண்டார். "இதற்குள்ளா நான் இத்தனை வருடம் இருந்தேன்?" என்று கேட்டார். அண்ணன் இப்போது இரண்டாவது காது மூடி வாங்கியிருக்கிறார்.

ஆயா சொன்னது என்ன என்று அத்தையிடம் விசாரித்தேன். அவர்தான் அன்று கட்டிலின் மறுபக்கம் இருந்தார். "தறியை விற்றுவிடாதே" என்றாராம். நைனாவிடம் சொன்னேன். ஒரே முறைதான் சொன்னேன், கேட்டது.

எனக்கு ஒரு கேள்வி அக்கா. நான் தறி ஓட்டியதில்லை. ஆனால் பதினெட்டு வயது வரை கொட்டகைச் சுவருக்கு அடுத்த அறையில்தான் படுத்தேன். இரவில் எனக்கும் சில்வண்டுச் சத்தம் கேட்கிறது. வயது 34.

செவியியலர், காட்பாடி | ஜூலை 13, இரவு 8.10

வியாழக்கிழமை வர முடியுமா? அதற்கு முந்தின நாள் முழுக்கத் தறிக்கொட்டகைப் பக்கம் போகாமல் வாருங்கள். அப்போதுதான் சோதனை சரியாக இருக்கும். அண்ணனையும் அழைத்து வாருங்கள்.